சிரிப்பு வாயுவை நம்பிப் பகல் வேலையைப் பந்தயம் வைத்தது

ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதன் பனியில் சறுக்கி ஓடுகிற பழைய ஸ்னோமொபைல் வண்டியின் இஞ்சினில் துளை போட்டு, அதற்குள் நைட்ரஸ் ஒக்சைட் வாயுவைச் செலுத்தப் பார்க்கிறான் என்றால் ஒன்றில் அவனுக்கு மூளை பிசகியிருக்க வேண்டும், அல்லது தேவையில்லாத இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்கு மூளை பிசகவில்லை. மனைவியிடம் கேட்டால் வேறு சொல்வாள். அவளிடம் கேட்க வேண்டாம்.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு பெரிய கிடங்கில் நான் சாமான் தூக்கி அடுக்குகிற போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். மொன்றியலுக்கு வந்த காலம் தொட்டு இரவு வேலைதான். மனைவி பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சமையல் செய்கிறாள். நான் விடியக் காலையில் வீட்டுப் படி ஏறும்போது அவள் இறங்கிக்கொண்டிருப்பாள். வெளியே இரும்பில் வளைந்து தொங்குகிற படி. பனிக்காலத்தில் இருவர் அதில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போவதே ஒரு சர்க்கஸ். அந்தச் சர்க்கஸ் நேரத்தில் பேசியதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. கறி அடுப்பில் இருக்கிறது, படிக்கு உப்புப் போடவில்லை, மகள் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தாள், அவ்வளவுதான். வீட்டில் கட்டில் ஒன்று, படுப்பவர் இருவர், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. அவள் எழும்பிய சூட்டில் நான் படுப்பேன். மெத்தைக்கு மட்டும் ஓய்வு கிடைத்ததில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு பழைய ஆள் ஓய்வு பெற்றுப் போக, மூப்பு வரிசைப்படி எனக்குப் பகல் வேலை வந்தது. அதன் பிறகுதான் நான் யாரைக் கட்டியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியவந்தது. என் மனைவி சாப்பிட்டுக்கொண்டே கதைப்பாள். கார்டெரியில் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைக் கடித்தது, எந்தத் தாய் பருப்பில் உறைப்பு இருக்கிறதா என்று தினமும் கேட்கிறாள், எல்லாம் வரும். தொலைக்காட்சி பார்க்கும்போது தன் குளிர்ந்த காலைத் தூக்கி என் காலின்மேல் வைப்பாள். என் பகிடிகளுக்குச் சிரிப்பாள். இத்தனை வருடமாக அந்தப் பகிடிகளைப் போர்க்லிஃப்டில் இருந்த மரத் தட்டுகளுக்குச் சொல்லி வீணாக்கியிருக்கிறேன்.

அந்தப் பகல் வேலையைத்தான் நான் பந்தயம் வைத்தேன்.

அது நடந்த விதத்தைச் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். கிடங்கின் சாப்பாட்டு அறையில் இரவு வேலைக்காரர்களும் பகல் வேலைக்காரர்களும் சந்திக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், ஸ்னோமொபைல் பற்றிப் பேச்சு வந்தது. இரவு வேலையில் நீளத் தாடி வைத்த ஒருவன் இருக்கிறான். பிரெஞ்சு பேசுகிற கெபெக்காரன், நல்ல பொடியன். புது ஸ்னோமொபைல் வாங்கியிருந்தான். எனக்கும் ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற அந்தப் பழைய ஆள், வெயில் ஊருக்குப் போகிறபோது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற, பெற்றோலில் நாமே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய, நரைத்த மெசின். தாடிக்காரன் அதன் படத்தைப் பார்த்து, இதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமே என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் கிழவி உன் புதுப்பெண்ணை ஏரியில் முந்துவாள், முந்தாவிட்டால் என் பகல் வேலையை நீயே எடுத்துக்கொள் என்றேன். முந்தினால் பனிக்காலம் முழுக்க என் காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுப்பது உன் வேலை என்றும் சேர்த்தேன்.

பகிடி விடுகிறவனுக்கு வரக்கூடிய பெரிய விபத்து, அவன் சொன்னதை ஒருவர் நம்பிவிடுவது. தாடிக்காரன் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருக்கின்றன என்று அப்போதுதான் சொன்னான். இரவில் மனைவி தனியே இரண்டையும் வைத்துக்கொண்டு அழுகிறாளாம். மேற்பார்வை பார்க்கிற அம்மா பக்கத்து மேசையிலிருந்து, நீங்கள் இருவரும் சம்மதித்தால் மாற்றிவிடுவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை என்றார். என்னுடைய பிரெஞ்சு கிடங்கில் படித்தது. அதில் எண்கள் உண்டு, திட்டுகிற சொற்கள் உண்டு. இந்த ஊரில் திட்டுகிற சொற்கள் எல்லாம் பூசைப் பாத்திரங்களின் பெயர்கள் என்பதால் கத்தோலிக்கனாகிய நான் அவற்றையும் அளவோடுதான் பாவிப்பேன். ஆனால் "ஐயோ, அது பகிடியாகச் சொன்னது" என்பதை ஒரு தகப்பனின் ஈரக் கண்ணைப் பார்த்துச் சொல்வதற்கு என் பிரெஞ்சில் வசனம் இருக்கவில்லை. தமிழில் இருந்ததா என்று கேட்டால், அதுவும் சந்தேகம்தான்.

அன்று பின்னேரம் மனைவி காலைத் தூக்கி என் காலில் வைத்தாள். எனக்கு வியர்த்தது.

அவளுக்குச் சொல்லவில்லை. வென்றுவிட்டால் சொல்லத் தேவையில்லை, தோற்றால் தானாகவே தெரியவரும் என்று ஒரு கணக்குப் போட்டேன். பயந்தவன் போடுகிற கணக்கு எல்லாம் சரியாகத்தான் வரும், விடை மட்டும் பிழைக்கும்.

என்னைக் காப்பாற்றக்கூடியவன் ஒருவன்தான். என் மச்சான், மனைவியின் தம்பி. மன்னாரில் மீன்பிடி வள்ளங்களின் இஞ்சின் திருத்தியவன். இங்கே டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் பின்னறையில் கோப்பை கழுவுகிறான். லவாலில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிறான். என் மெசினும் அந்த வீட்டுக் கராஜில்தான் கிடந்தது. வந்த நாளிலிருந்து அவன் சிரித்து நான் கண்டதில்லை. பேசினாலும் இரண்டு சொல்தான். அவனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் மெசினைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். மூடியைத் திறந்தான். கயிற்றை இழுத்து, சத்தத்தைக் கேட்டான்.

"ரெண்டு சிலிண்டர், ரூ-ஸ்ட்ரோக். எங்கட வள்ளத்து இஞ்சின்தான் அத்தான் இது. கடலுக்குப் பதிலாப் பனியில நிக்குது," என்றான்.

"புதுசை முந்துமோ?"

"முந்தாது."

ஒரே சொல். நான் அந்தக் கராஜின் சீமெந்துத் தரையில் குந்திவிட்டேன்.

பிறகு நாட்கணக்காக யூடியூபில் தேடினேன். இப்படி வாயால் கெட்டவர்களுக்கு உலகத்தில் ஒரு மருந்து இருக்கத்தான் செய்தது. நைட்ரஸ். பல் பிடுங்குகிற இடத்தில் முகர வைக்கிற அதே சிரிப்பு வாயு. இஞ்சினுக்கு அது சிரிப்புக் காட்டுவதில்லை, மூச்சுக் கொடுக்கிறது. சூட்டில் உடைந்து ஒட்சிசனை விடும். கூடிய ஒட்சிசன் வந்தால் கூடப் பெற்றோல் எரிக்கலாம், கூட எரித்தால் கூட ஓடலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வாயு வருகிற அந்த நேரத்தில் பெற்றோலும் கூடவே வரவேண்டும். பெற்றோல் குறைந்தால் சூடு தலைக்கேறி, எரிக்க வேறொன்றும் இல்லாமல் இஞ்சின் தன் பிஸ்டனையே உருக்கிச் சாப்பிட்டுவிடும். ஒவ்வொரு காணொளியிலும் ஒவ்வொரு மீசைக்காரர் கையில் ஓட்டை விழுந்த பிஸ்டனைத் தூக்கிக் காட்டி இதையே சொன்னார். நான் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினேன்.

நைட்ரஸை இஞ்சினில் பூட்டுகிற சாமான்கள் அடங்கிய பாவித்த கிட் ஒன்று விற்பனைக்கு வந்தது. சிலிண்டர், குழாய்கள், மின்சாரத்தில் திறக்கிற இரண்டு வால்வுகள், ஊசித் துளை போட்ட சின்னச் சின்னப் பித்தளை ஜெட்டுகள். கார்ப் பந்தயக்காரர்கள் போகிற ஒரு கடையில் சிலிண்டரை நிரப்பினேன். அன்று மச்சானுக்கு வேலை, கராஜைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவனிடம். வேறு வழியில்லாமல் நீல நிறச் சிலிண்டரைப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கதவைத் திறந்தது மனைவி.

என்ன இது என்றாள். என் வாய் எனக்கு முன்னமே பதில் சொன்னது. தீ அணைக்கிறது.

"தீ அணைக்கிறது சிவப்பாயெல்லோ இருக்கும்?"

"இஞ்ச நீலம்," என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் வீட்டுக்கென்று நான் கேளாமல் வாங்கிவந்த முதல் பொருள். போர்வையை உருவி எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, எங்கே தேவையோ அங்கே வைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில். நெருப்பை எரியவிடுகிற வாயு நிறைந்த சிலிண்டர், ஒரு சாண் தள்ளி எண்ணெய்ச் சட்டி, அதில் கடலை வடை. நான் சமையலறை வாசலில் நின்றேன். இரு என்றாள், இருக்க முடியவில்லை. வடை வேண்டாம் என்றேன். அடுப்பை அணை, இன்று வெளியே சாப்பிடுவோம் என்றேன். அவளுக்கு இன்னும் சந்தோஷம் கூடிப்போயிற்று. போகிறதுக்கு முன்னம் அதை எப்படிப் பாவிக்கிறது என்று ஒரு தரம் காட்டுங்கோ என்று திருகைத் தொட்டாள். நான் பாய்ந்த பாய்ச்சலில் வடைத் தட்டு நிலத்தில். மறுநாள் விடிய, அதைச் சரிபார்க்கக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு ஓடினேன். சரிபார்த்து எப்போது வரும் என்று அவள் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மச்சான் அந்தக் கிட்டைக் கண்டதும் வேறு ஆளாகிவிட்டான். உணவகத்தில் கோப்பை கழுவி வெடித்த கை, ஸ்பனரைப் பிடித்ததும் நடுங்காமல் நின்றது. கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் கழுத்தில் துளை போட்டு, இரண்டு பக்கமும் ஜெட் பூட்டினான். இருக்கையின் பின்னால் சிலிண்டரைப் படுக்க வைத்துப் பட்டி போட்டான். கிழவிக்குப் பற்றரி கிடையாது, வால்வுகளுக்கு மின்சாரம் வேண்டும். மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றை இருக்கைக்குக் கீழே ஒளித்தான். கிட்டோடு வந்த பொத்தான் உடைந்திருந்ததால் பழைய மோட்டார் சைக்கிள் ஹோர்ன் ஒன்றின் பொத்தானைக் கைபிடியில் பூட்டினான். அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவேயில்லை. அவனாகவே, "அக்காவுக்குத் தெரிஞ்சா என்னையும் சேர்த்தெல்லோ உரிப்பா," என்றான்.

பெற்றோலும் எண்ணெயும் கலப்பதை மட்டும் நானே செய்தேன். அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பல்கலைக்கழகத்து ஆய்வுகூடக்காரன் மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, லவாலுக்கு அப்பால் ஒரு தெரிந்தவரின் வயலில் ஓட்டிப் பார்த்தோம். பொத்தானை அமத்தினேன். கிழவி என் கையைத் தோளோடு பிடுங்கப் பார்த்தாள். என் தொப்பி எங்கே போனதென்று இன்றைக்கும் தெரியாது. விட்டதும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றோம், நானும் அவளும். மச்சான் கிட்ட ஓடிவந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நிறத்தைப் பார்த்தான். நல்ல மண்ணிறம், கலவை சரி. இப்போது முந்துமா என்று கேட்டேன். பார்ப்பம் என்றான். அவனுடைய அகராதியில் அது ஒரு பிரசங்கம்.

அதுக்குப் பிறகு நான் கொஞ்சம் நித்திரை கொண்டேன். கொஞ்சம்தான். மனைவி பேசிக்கொண்டிருக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன், இரவு வேலைக்குப் போனால் இதெல்லாம் மறுபடி இரும்புப் படியில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும் என்று நினைப்பேன். உங்களுக்கு என்ன வருத்தம், முகம் புளிச்ச மோர் மாதிரி இருக்கு என்று கேட்டாள். கேஸ் என்றேன். அது பொய்யில்லை.

பந்தயம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நகரத்துக்கு வடக்கே உறைந்துபோன ஒரு ஏரியில். தாடிக்காரனின் பெரியப்பாவுக்கு அதன் கரையில் ஒரு மரவீடு. மனைவியிடம் மச்சானோடு மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னேன். அவள் நம்பினாள். மன்னாரானும் மீனும் என்றால் யாரும் நம்புவார்கள். மெசினைக் காரின் பின்னால் பூட்டிய இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். குளிரில் சிலிண்டரின் அழுத்தம் விழுந்துவிடும் என்பதால் அதைக் கழற்றிக் காருக்குள் கொண்டுவந்திருந்தோம். மச்சான் அதைப் போர்வையில் சுற்றி, ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகிற குழந்தை மாதிரி மடியில் வைத்து, ஹீட்டர் காற்றுக்குக் காட்டிக்கொண்டே வந்தான்.

ஏரியில் கிடங்கு ஆட்கள் பாதிப் பேர் நின்றார்கள். நெருப்பு மூட்டி, சூடான சொக்கலேற் பால் காய்ச்சிக்கொண்டு. தாடிக்காரனின் மனைவி இரட்டைப் பிள்ளைகளை ஒரு சறுக்குப் பெட்டியில் போர்த்தி வைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. நான் அந்தப் பக்கம் பிறகு பார்க்கவில்லை.

மச்சான் சிலிண்டரைப் பூட்டினான், கொண்டுவந்த பெற்றோல் கானிலிருந்து ஊற்றினான், கயிற்றை இழுத்தான். கிழவி எழும்பினாள். பின்னால் நீலப் புகை எழுந்தது. கொஞ்ச நஞ்சப் புகையில்லை, நுளம்புக்கு மருந்து அடிக்கிற வண்டி வந்ததுபோல. ஆட்கள் பின்வாங்கினார்கள். என் முதுகில் குளிருக்குச் சம்பந்தமில்லாத ஒரு குளிர் இறங்கியது. ஏன் இவ்வளவு புகை என்று கேட்டேன்.

"நேற்று நான்தான் கலந்தனான், அத்தான். எண்ணெய் ஒரு கை கூட விட்டிருக்கிறன்," என்றான். கிழவியின் மூடியைத் தடவினான். "பாவம், இண்டைக்கு அதுக்குப் பெரிய வேலையெல்லோ."

எவ்வளவு கூட என்று கேட்டேன். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இது அவர்கள் ஊர்ப் பழக்கம். தூரக் கடலுக்குப் போகிற வள்ளத்துக்கு எண்ணெயை அளவோடு ஊற்றி அனுப்ப மாட்டார்கள். அளவோடு ஊற்றுவது ஏதோ விருந்தாளிக்கு அரைக் கோப்பைச் சோறு போடுவதுபோல. தன் கையால் கலந்த ஒரு இஞ்சினும் கடலில் நின்றதில்லை என்று மச்சான் சொன்னான். அது உண்மையாகத்தான் இருக்கும். வள்ளத்தில் நைட்ரஸ் கிடையாது.

எண்ணெய் கூடினால், அந்த இடத்தில் பெற்றோல் குறையும். குளிரில் எண்ணெய் தடித்து, ஊசித் துளையால் வழியவும் மறுக்கும். சும்மா ஓடினால் புகையோடு போய்விடும், பெரிய மோசமில்லை. பொத்தானை அமத்தினால் வாயு முழுதாக வரும், பெற்றோல் குறைவாக வரும். மீசைக்காரர்கள் ஒவ்வொருவராக ஓட்டைப் பிஸ்டனைத் தூக்கிக்கொண்டு என் கண்முன்னே வரிசையில் நின்றார்கள். மற்றக் கானில் என்ன என்று கேட்டேன். அதிலும் அதே கலவை.

பொத்தானை அமத்தாவிட்டால் நிச்சயம் தோற்பேன். அமத்தினால் பிஸ்டன் உருகுவதற்குள் ஏரியைத் தாண்டினால்தான் உண்டு.

அப்போது தாடிக்காரன் வந்தான். புகையை மணந்து பார்த்தான். அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கலவை சரியில்லை, இதோடு ஓடாதே, என்னிடம் வெறும் பெற்றோல் இருக்கிறது, உன் தாங்கியை வடித்து இதை ஊற்றி எண்ணெயை அளந்து கல, நாங்கள் காத்திருக்கிறோம், அவசரமில்லை என்றான். என்னிடமிருந்து பகல் வேலையைப் பறிக்க வந்தவன், அதைக் காப்பாற்றக் கானைத் தூக்கி நீட்டிக்கொண்டு நின்றான். நான் கையை நீட்டினால் போதும்.

மச்சானுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவன் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னவாம், அத்தான்?"

சொல்லியிருக்கலாம். உன் கலவை பிழையாம், வடிக்கச் சொல்கிறான் என்று. இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் ஊற்றியதை அவன் கண்முன்னாலேயே பனியில் வடித்திருக்கலாம். பெருந்தன்மையால் சொல்லாமல் விட்டேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. எனக்குப் பெருந்தன்மை கிடையாது, மனைவியின் குளிர்ந்த கால்தான் நினைவில் இருந்தது. வடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வாயைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே.

"உன்ர கலவை நல்ல மணமாம். எப்படிக் கலந்தனீ எண்டு கேக்கிறான்," என்றேன்.

மச்சான் சிரித்தான். கனடாவுக்கு வந்து முதல் தடவை. முன்பல் ஒன்று உடைந்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தாடிக்காரனின் தோளில் தட்டி, அவனுக்கு விளங்காத தமிழில், இது சொல்லித் தாற சாமானில்லை, கைப்பழக்கம் என்றான்.

அதன் பிறகு எப்படி வடிப்பது? தாடிக்காரனுக்கு மெர்சி என்று நன்றி சொன்னேன். பரவாயில்லை, ஓடும் என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கானைத் திருப்பிக் கொண்டுபோனான். நான் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். பயம் தெரியக்கூடாதென்று, குளிருக்கு அடிப்பதுபோல் பல்லைப் பல்லோடு அடித்தேன்.

கொடியாக ஒரு சிவப்புக் கழுத்துத் துண்டை ஆட்டினார்கள். அவன் புறப்பட்ட சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை, முதுகுதான் தெரிந்தது. தூரத்தில் நாட்டியிருந்த இரண்டு கிறிஸ்மஸ் மரங்கள்தான் எல்லை. பாதி வழி வரைக்கும் பொத்தானைத் தொடவில்லை. அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன், பாதியில் மறந்துபோனேன். அவன் முதுகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. அப்போது அமத்தினேன்.

கிழவி எழுந்தாள். முன் சறுக்கு இரண்டும் பனியை விட்டுக் கிளம்பின. அவனுடைய முதுகு பெரிதாகி, பக்கமாகி, பின்னால் போயிற்று. நான் முந்திவிட்டேன். ஒரு செபத்தைச் சொல்லி முடிக்க முடியாத நேரத்துக்கு, இந்த உலகத்தில் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கிறிஸ்மஸ் மரத்தின் கிளைகளை எண்ணக்கூடிய தூரம்.

பிறகு தாளிக்கிற சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. பொத்தானிலிருந்து கையை எடுக்கும்படி எனக்குள்ளே யாரோ கத்தினார்கள். எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினேன், யாரிடமென்று தெரியவில்லை. கடுகு நின்றது. எல்லாச் சத்தமும் நின்றது. சறுக்கிக்கொண்டு போய், மரங்களுக்கு இப்பால் நின்றேன். தாடிக்காரன் என்னைத் தாண்டி, எல்லையையும் தாண்டி, ஒரு வட்டம் போட்டு நேரே என்னிடம்தான் திரும்பி வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றி, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டான். அவனை வெறுக்கக்கூட வசதி தரமாட்டேன் என்கிறான்.

கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். மச்சான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். நுனியில் வெள்ளி மணி மணியாக ஒட்டியிருந்தது, உருகிய பிஸ்டன். அவன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். ஸ்பார்க் பிளக்கை வாசிக்கத் தெரிந்தவனிடம் என்னத்தைச் சொல்ல? நான் பொத்தானை அளவுக்கு மிஞ்சி அமத்திவிட்டேன் என்று தொடங்கினேன். அவன் என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்.

"அவன் உண்மையா என்ன சொன்னவன், அத்தான்?"

நான் குனிந்து இழுவைக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன்.

திரும்பி வருகிற வழி முழுவதும் மனைவிக்குச் சொல்ல வசனம் தேடினேன். ஆட்குறைப்பு என்று சொல்லலாம். வைத்தியர் பகல் வெளிச்சம் கூடாது என்றார் என்று சொல்லலாம். இரவு வேலையில் பனிக்குப் படி வழுக்காது என்று சொல்லலாம். வீட்டுக்குள் நுழைந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மச்சான் தொடங்கிவிட்டான். இவ்வளவு சொற்களை அவன் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. பந்தயம், மெசின், வாயு, தீ அணைக்கிறது, எண்ணெய், எல்லாவற்றையும் கொட்டினான். பிழை தன்னில் என்று முடித்தான்.

மனைவி அடுப்பை அணைத்தாள். அவனைச் சாப்பிட உட்காரச் சொன்னாள். உன்னை ஆரும் கேக்கேல்லை என்று அவனுக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் உங்கட வேலையை வைக்கேல்லை. என்ர பின்னேரத்தை வைச்சு விளையாடியிருக்கிறியள். என்னட்டைக் கேட்டனீங்களோ?"

எனக்குள் பகிடி ஒன்றும் இருக்கவில்லை. தேடினேன். உண்மையாகவே தேடினேன்.

தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு, தாடிக்காரன் ஏன் பகல் வேலை கேட்டான் என்று என்னிடம் விசாரித்தாள். இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். எத்தனை மாதம் என்றாள். தெரியாது, சறுக்குப் பெட்டிக்குள் கையளவில் இரண்டு முகம் தெரிந்தது என்றேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"ஒரு சொல்லு எனக்குச் சொல்லியிருந்தா, பந்தயம் இல்லாமலே குடுங்கோ எண்டு நானே சொல்லியிருப்பன். அப்ப எனக்கு அழுகை வந்திருக்கும். இப்பிடிக் கோபம் வந்திராது."

திங்களுக்கு முன்னம் அந்த மேற்பார்வை அம்மாவிடம் கெஞ்சிப் பார்க்கிறேன் என்றேன். கை கொடுத்தது கொடுத்ததுதான், இனி அதையும் கெடுக்க வேண்டாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் இருந்தாள். சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற இடத்தில் முன் வரிசை, பின் வரிசை எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்குக் கடைசியாக, விரல் நுனியை.

திங்கள் இரவு வேலைக்குப் போனேன். தாடிக்காரன் என் பூட்டுப் பெட்டிக்கு மேலே எனக்கு ஒரு போத்தல் மேப்பிள் மரத்துப் பாணி வைத்துவிட்டுப் போயிருந்தான். பிறகு மரத் தட்டுகளுக்கு ஒரு பகிடி சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

விடிய வீட்டுக்கு வந்தேன். அவள் போயிருக்க வேண்டிய நேரம். கதவைத் திறந்தால் குசினி மேசையில் குளிர்க் கோட்டோடும் சப்பாத்தோடும், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே என் தட்டில் புட்டும் முட்டைப் பொரியலும். பஸ் போய்விட்டதே என்றேன். அடுத்ததில் போகிறேன் என்றாள். உட்கார்ந்தேன்.

"கதையுங்கோ," என்றாள்.

வாழ்நாளில் முதல் தடவையாக என் வாய் எனக்கு முன்னால் ஓடாமல் நின்றது. அவள் தானே தொடங்கினாள். கார்டெரியில் ஒரு பிள்ளை பச்சைப் பட்டாணியை மூக்குக்குள் வைத்துவிட்டதாம். அதை எடுக்க முழு வகுப்பும் சேர்ந்து தும்மிக் காட்டியதாம். நான் புட்டைப் பிசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சிரித்துவிடக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறந்தபடி, தனக்கு இன்னும் கோபம் போகவில்லை என்று சொன்னாள்.

நாளைக்கும் அடுத்த பஸ்ஸில்தான் போவேன் என்றும் சொன்னாள்.